இடது முழங்காலின் நேர்ச்சை

அஞ்சலாவின் இடது முழங்கால் அவளுக்கு மட்டும் சொந்தமாக இருந்த காலம் மலையேறிவிட்டது. பதினோரு மாதமாக அது கடுகண்ணாவை ஊருக்கே பொதுச் சொத்து. காலை ஏழு மணிக்குக் கண்டி பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் டிக்கட் கிழிப்பதற்கு முன்னால் முழங்காலைத்தான் விசாரிப்பான். பக்கத்தில் உட்காரும் பெண் யாராக இருந்தாலும் பிலிமத்தலாவை வருவதற்குள் ஒரு வைத்தியம் சொல்லி முடித்துவிடுவாள். ஒருத்தி வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொன்னாள். இன்னொருத்தி சூடே ஆகாது என்று சத்தியம் பண்ணி, ஆட்டுக்கால் சூப்புக்கு மாற்றினாள். எலும்பு முறிவுக்கு இலை வைத்துக் கட்டும் வெதமாத்தயா ஒருவரின் விலாசம் மட்டும் அவளிடம் நான்கு துண்டுகளில் இருந்தது, நான்கும் வேறு வேறு கையெழுத்து. முழங்கால் என்று ஒன்று உள்ளவர்கள் எல்லோரும் முழங்கால் டொக்டர்கள்தான் போலிருக்கிறது.

"எனக்கு எலும்பு முறியல, உள்ளுக்குள்ள லிகமென்ட் அறுந்திருச்சு" என்று ஆரம்பத்தில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அதான், நரம்புதானே? நரம்புக்கும் அதே எண்ணெதான்" என்பார்கள்.

பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் அளவாகத்தான் வாய்த்திருந்தது. அதில் பாதி ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தே தீர்ந்துவிட்டது. மிச்சத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தால், அங்கே அம்மா இருந்தாள்.

அஞ்சலாவுக்கு இருபத்தேழு வயது. கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க். கம்பனியின் நெட்போல் அணிக்கு நான்கு வருடமாக அவள்தான் சென்டர், அதாவது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டியவள். போன ஜூலையில், கம்பனிகளுக்கு இடையிலான போட்டியில், உயரத்தில் வந்த ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்து இடது காலில் இறங்கினாள். நெட்போலில் பந்தோடு இறங்கிய காலை எடுத்து மறுபடி ஊன்றக் கூடாது. இறங்கிய இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். அவள் நின்றாள். முழங்கால் நிற்கவில்லை, உள்பக்கமாக மடிந்தது. 'டக்' என்ற சத்தம் கோட்டுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டதாம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நடந்த எதுவும் அவள் நினைவில் இல்லை. நினைத்துப் பார்க்கவும் அவள் முயலவில்லை.

செப்டம்பரில் ஒப்பரேஷன் நடந்தது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருந்த நல்ல நரம்பில் ஒரு துண்டை வெட்டி, அறுந்து போனதன் இடத்தில் வைத்து முடுக்கினார்கள். அதன் பிறகு ஒன்பது மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குதிகாலின் கீழ் துவாயைச் சுருட்டி வைத்துக் காலை நீட்டு நீட்டென்று நீட்டினாள். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத கதிரையில் தொடை நடுங்க நடுங்க உட்கார்ந்தாள். வீட்டில் படி இல்லாததால் அந்தோனியார் கோயில் படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்கினாள். பூசைக்கு வந்த கிழவிகள் "பாவம், என்னத்துக்கு நேந்துகிச்சோ" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

அப்படிக் கிடந்து மாய்ந்து, ஒரு வழியாக ஓடத் தொடங்கியிருந்தாள். ஜூன் மூன்றாவது வாரத்தில் இந்த வருட அணியைத் தெரிவு செய்வதற்கான பயிற்சி ஆட்டம். அணியின் கோச் மஸீனா டீச்சர் அலவத்துகொடையில் இருந்து வருகிறவர். அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "பிசியோட கடிதம் கொண்டு வா புள்ள. கடிதம் இருந்தா வெளயாடு. அன்டைக்கு வரல்லன்டா சென்டருக்கு வேற ஆள் போட்டுருவேன்." இருபத்தெட்டு வயதில் அடுத்த வருடம் யாரும் அவளுக்காக இடம் பிடித்து வைத்திருக்கப் போவதில்லை. அந்த ஒரு நாளுக்காகத்தான் ஒன்பது மாதத்தையும் அவள் தள்ளியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா வாயைத் திறந்தாள்.

மே மாதக் கடைசி ஞாயிறு. அஞ்சலா சோற்றில் கை வைத்திருந்தாள். அம்மா பெற்றீசியா சொதிச் சட்டிக்குள் அகப்பையை விட்டுத் துழாவிக்கொண்டே சொன்னாள்: "பதிமூணாந் தேதி அந்தோனியார் திருநாளுக்கு லீவு போட்டுரு. கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் முழந்தாள்ல போகணும்."

"யாரு?"

"நீதான். கால் நல்லானா முழந்தாள்ல வாறதா நேர்ச்சை இருக்கு."

"எந்தக் கால் நல்லானா?"

"இதென்னாடி கேள்வி? இந்தக் கால்தான்."

அஞ்சலா கையை உதறினாள். "வெட்டித் தெச்ச முழங்கால் நல்லாயிருச்சுங்கிறதுக்காக, அதே முழங்கால சீமெந்துல தேச்சுகிட்டுப் போகணுமா? இந்த யோசனை யாருக்கும்மா வந்துச்சு?"

"சொன்னா சொன்னதுதான். அத முடிச்சிட்டுத்தான் பந்தத் தொடணும். இல்லாட்டி மறுபடியும் விழுவே."

"நேந்துகிட்டது நீங்க. முழங்கால் என்னுது. அவ்வளவு ஆசன்னா ஒங்க முழங்கால்ல நீங்க போங்க."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் விட்டுவிட்டு, "சாப்புடு, ஆறுது" என்றாள். பெற்றீசியா முப்பது வருடமாகப் பாலர் பாடசாலை டீச்சர். எதிரே இருப்பவர் எதிர்த்துப் பேசினால், அது பசியினால் அல்லது தூக்கக் கலக்கத்தால் என்று முடிவு கட்டும் பழக்கம் அவளுக்கு. கட்டாரில் வேலை செய்யும் அப்பா அன்று பின்னேரம் போன் எடுத்தபோது அஞ்சலா முறையிட்டாள். "அம்மா சொன்னா காரணம் இருக்கும்மா" என்றுவிட்டு, தனக்கு டியூட்டிக்கு நேரமாகிறது என்று அவர் நழுவிவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

அவளுடைய காலைப் பழக்கும் பிசியோதெரபிஸ்ட் சஞ்சீவனியின் அறை கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. முழங்கால் போனவர்கள் வந்து போகும் இடத்துக்கு இருபத்து மூன்று செங்குத்துப் படிகள். யார் இதை யோசித்துக் கட்டினார்களோ என்று ஒவ்வொரு முறையும் அஞ்சலா மனதுக்குள் வைவாள். சஞ்சீவனி யாழ்ப்பாணத்துக்காரி. சிரிப்பதற்கு நேரம் ஒதுக்காதவள். ஆனால் முழங்காலை அது முழங்கால் என்று மதித்தவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான்.

நேர்ச்சைக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "கோயில் எவ்வளவு நீளம்?" என்றாள்.

"அம்பது அடி இருக்கும் மிஸ். வெறும் சீமெந்து."

"அதால புது லிகமென்ட் அறாது. பொய் சொல்லக் கூடாது. ஆனா சில்லுக்குக் கீழ வெட்டி எடுத்த இடம் இருக்கெல்லோ, அது வீங்கி நோகும். பிறகு ரெண்டு கிழமைக்குப் பாயேலாது. உங்கட பிராக்டிஸ் மாச்?"

"திருநாளுக்கு எட்டாம் நாள்."

"அப்ப விளங்கும்தானே. நான் மறிச்சதெண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ."

பிறகு சோதனை தொடங்கியது. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் பாய முடிகிறது என்று நாடாவால் அளந்தாள். வலது காலுக்கு நூற்று நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், இடது காலுக்கு நூற்று முப்பத்தொன்று. போதும், நல்லதே. காலால் பாரம் தள்ளியதும் நன்றாக இருந்தது. ஒரு தாளில் கேள்விகள் இருந்தன, நூற்றுக்கு எத்தனை என்று எழுத வேண்டும். 'மறுபடி காயப்படுவேன் என்ற பயம்' என்ற இடத்தில் அஞ்சலா யோசிக்காமல் சைபர் போட்டாள்.

கடைசியாக சஞ்சீவனி பந்தை எடுத்து, இடது பக்கம் உயர எறிந்தாள். அஞ்சலா பாய்ந்து பிடித்து வலது காலில் இறங்கினாள். மறுபடி எறிந்தாள். மறுபடி வலது கால். ஒருமுறை இடது கால் நிலத்தைத் தொட்டது, தொட்ட வேகத்திலேயே சுட்ட மாதிரித் துள்ளி அடுத்த காலுக்கு மாறியது. பத்துத் தரம் எறிந்து முடிந்ததும் சஞ்சீவனி பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"பத்தில ஒண்டுகூட இடது காலில நிக்கேல்லை. காலில ஒரு பிழையும் இல்லை. பயம் சைபர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப என்ன பிரச்சினை?"

"அம்மாட நேர்ச்சை மண்டைக்குள்ள கெடந்து கொடையுது மிஸ்" என்றாள் அஞ்சலா. சொல்லும்போது அது உண்மை மாதிரியே இருந்தது.

"விழுந்த அண்டைக்கு ஆரும் வீடியோ எடுத்தவையோ? எப்பிடி இறங்கினனீங்கள் எண்டு நான் பாக்க வேணும்."

எடுத்திருந்தார்கள். அணியில் இன்னொருத்தியான ஷாமலா அன்று வெளியே இருந்து எடுத்து, அன்றைக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டும் விட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அஞ்சலா ஒரே வரி எழுதினாள்: 'இதப் பாத்தவங்க மூஞ்சில நான் இனி முழிக்க மாட்டேன்.' ஐந்து நிமிடத்தில் வீடியோ காணாமல் போனது. அவள் அதை இன்றுவரை பார்த்ததில்லை.

"அழிச்சிட்டாங்க மிஸ்."

"ஆரிட்டையாவது இருக்கும், தேடுங்கோ. அதைப் பாக்காமல் நான் கடிதம் தரமாட்டன்."

சஞ்சீவனி மறித்த செய்தியை வீட்டில் சொன்னபோது அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அஞ்சலா நம்பிவிட்டாள். மறுநாள் அம்மா ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே கறுப்பு ரப்பரில் இரண்டு தடித்த உறைகள், பட்டியோடு.

"டைல்ஸ் பதிக்கிறவங்க முழங்கால்ல போடுறது. ஹார்ட்வெயார்ல சொல்லி வெச்சு எடுத்தேன். இதப் போட்டுகிட்டா நோவாது."

அஞ்சலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால், கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, டைல்ஸ் பதிக்கும் பாஸ் மாதிரி ஊர்ந்து போவதை நினைத்துப் பார்த்தாள். பேசாமல் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள்.

சாமியார் வயதில் இளையவர், விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஒருத்தர் நேந்துகிட்டது இன்னொருத்தரக் கட்டாது அம்மா. மகளோட முழங்கால் மகளோடது. நீங்க நேந்திருந்தீங்கன்னா, அத வேற நல்ல காரியமா மாத்திக் குடுக்க என்னால முடியும்."

"நான் நேந்திருந்தா சரிதான் ஃபாதர்" என்றாள் அம்மா, செருப்பைப் பார்த்துக்கொண்டு.

அப்பாடா, ஒழிந்தது என்று அஞ்சலா மூச்சு விட்டாள். வீட்டுக்கு இறங்கும் வழியில் முறுக்குக்கூட வாங்கிக் கொடுத்தாள். அம்மா பாதி முறுக்கைக் கடித்துவிட்டுக் கேட்டாள்: "அந்த ரப்பர் ரொம்பத் தடிப்பா இருக்கோ? மெல்லிசா வேற கேப்பமா?"

சில நேரங்களில் மனிதர்களைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கும். பெற்ற தாயாக இருந்தால் அதுவும் முடியாது.

திங்கட்கிழமை ஒபிஸில், பக்கத்துக் கவுன்டரில் இருந்த ஷாமலாவிடம் வீடியோவைக் கேட்டாள். ஷாமலா முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு முழித்தாள்.

"என்கிட்ட இல்ல. ஒங்க அம்மாகிட்ட இருக்கு."

"என்னாது?"

"ஒப்பரேஷனுக்கு மொத நாள், நீ தூங்குறப்ப வார்டுக்கு வெளியில வந்து கேட்டாங்க. புள்ள எப்பிடி விழுந்துச்சின்னு நான் பாக்கணும்னாங்க. பெத்தவங்க கேக்குறப்ப இல்லன்னு சொல்ல முடியுமா? நீ கத்துவேன்னுதான் சொல்லல."

அஞ்சலா அங்கே கத்தவில்லை. சேர்த்து வைத்துக்கொண்டாள். பின்னேர பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் கனிவாகத் திரும்பி, "கால் இப்ப எப்பிடிம்மா?" என்றாள். "எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்குங்க" என்றாள் அஞ்சலா. பிலிமத்தலாவை தாண்டியும் அந்தப் பெண் பேசவில்லை.

வீட்டில் அம்மா மேசை நிறைய வர்ணக் கடதாசியைப் பரப்பி, பிள்ளைகளுக்காக மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வீடியோ ஒங்ககிட்ட இருக்கா?"

கத்தரிக்கோல் நின்றது.

"ஒம்பது மாசமா வெச்சிருக்கீங்க. யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் சொன்னது ஒங்களுக்கு மட்டும் இல்லையா? என் முழங்கால் நேர்ச்சைக்கு ஒங்களுது. நான் விழுந்தது பாக்குறதுக்கு ஒங்களுது. இந்த வீட்டுல எனக்குன்னு ஏதாவது இருக்கா?" அவள் குரல் தெருவரை போயிருக்கும். போகட்டும் என்றுதான் கத்தினாள்.

அம்மா எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, பழைய போனை எடுத்து, எதையோ தேடி, அவள் முன்னால் வைத்தாள். "பாரு. பாத்துட்டுத் திட்டு" என்றாள்.

ஒரு நிமிடம் பதினொரு விநாடி. நெஞ்சில் C என்று எழுதிய பச்சை பிப் போட்ட ஒருத்தி ஓடி வருகிறாள், பாய்கிறாள், பிடிக்கிறாள், இறங்குகிறாள். அஞ்சலா அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது படம் தாறுமாறாக ஆடியது. ஷாமலா போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடியிருக்க வேண்டும். வானம், சீமெந்து, யாருடையவோ சப்பாத்து. படம் உருப்படியாக இல்லை. சத்தம் மட்டும் தெளிவாக இருந்தது.

"அந்தோனியாரே... அந்தோனியாரே... இந்தக் காலால மறுபடி ஒரு பந்து... ஒரே ஒரு பந்து புடிச்சு நிக்க வெச்சிருங்க... ஒங்க கோயில் வாசல்ல இருந்து முழந்தாள்ல வாறேன்... முழந்தாள்லயே வாறேன்..."

யார் இப்படிக் கத்துவது என்றுதான் முதலில் நினைத்தாள். அது தன்னுடைய குரல் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இரண்டு கிழமையாக அவள் அம்மாவை என்னவெல்லாம் சொன்னாள்! சாமியார் முன்னாலேயே நிறுத்தி வைத்தாளே! வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனால் வெட்கப்பட்டால் பேசாமல் இருக்கிற பிறவியா அவள்? "இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?" என்று அதற்கும் பாய்ந்தாள்.

"எப்பிடிச் சொல்றது? சொன்னா நான் வீடியோ பாத்தது தெரிஞ்சிரும். பாத்தவங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு நீதானே எழுதுனே. எனக்கு ஒன் மூஞ்சில முழிக்கணுமே." அம்மா ஒரு கடதாசி மீனை எடுத்துத் தேவையில்லாமல் நீவினாள். "அதான் என் தலையில போட்டுகிட்டேன். யாரு சொன்னா என்னா, சொன்னது நடக்கணும்தானே."

அஞ்சலா வீடியோவை இன்னொருமுறை ஓடவிட்டாள். இம்முறை சத்தத்தை மட்டும் கேட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அம்மா, நல்லாக் கேளுங்க. பந்து புடிச்சு நிக்க வெச்சாத்தான் முழந்தாள். பந்து மொதல்ல. நான் இன்னும் புடிக்கவே இல்ல. நீங்கதான் தலைகீழா மாத்திட்டீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"நீ மொதல்ல கோயிலுக்குப் போயிட்டா, பொறகு எப்பிடியும் விழ மாட்டேன்னு ஒரு நெனப்பு. அந்தோனியாரையே ஏமாத்தப் பாத்தேன்." அம்மாவின் வாய் கோணியது. "மூணு தரம் பாத்தேன்டி அத. மூணு தரமும் நீ விழுறே."

பிறகு அவளே மூக்கைச் சிந்தி, டீச்சர் குரலுக்குத் திரும்பினாள். "சரி. பந்துதான் மொதல்லன்னா, போயி புடி."

அஞ்சலா போனைக் கவிழ்த்து வைத்தாள். நேர்ச்சை போயிற்று, அம்மாவின் பிடிவாதம் போயிற்று. இனி யாரைக் காட்டித் தப்புவது? இத்தனை நாள் ஊரையும் அம்மாவையும் வைது வைது, அந்த இரைச்சலுக்குப் பின்னால் தான் எதை மறைத்து வைத்திருந்தோம் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"பயமா இருக்கும்மா" என்றாள். பதினோரு மாதத்தில் முதல்முறை.

"எனக்கும்தான்" என்றாள் அம்மா. "சாப்புடு மொதல்ல."

சஞ்சீவனி வீடியோவை மேசையில் வைத்து எட்டுத் தரம் ஓடவிட்டாள், வேகத்தைக் குறைத்து. சத்தத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பாருங்கோ, இடுப்பு பின்னுக்கு நிக்குது, முழங்கால் உள்ளுக்குப் போகுது. கால் துரோகம் செய்யேல்லை. இறங்கின விதம்தான் பிழை. இது பழக்கலாம்." அஞ்சலா பழைய தாளைக் கேட்டு வாங்கி, சைபரை வெட்டிவிட்டு எழுபது என்று எழுதினாள். அதைப் பார்த்ததும் சஞ்சீவனி, எட்டு மாதப் பழக்கத்தில் முதன்முறையாக, சிரித்தாள். "இப்பதான் வேலை செய்யலாம்" என்றாள்.

பத்து நாள் இறங்குவதும் நிற்பதும் மட்டுந்தான். நாளுக்கு அறுபது தரம். சஞ்சீவனி கடிதத்தில் 'பதினைந்து நிமிடம் மட்டும்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்தாள். நேர்ச்சைக்கு அடுத்த வருடத் திருநாள் இருக்கிறதென்றும், முழந்தாளிடுவதற்கும் மெல்ல மெல்லப் பழக்குகிற பயிற்சி ஒன்று இருக்கிறதென்றும் சொன்னாள். இல்லாமல் இருக்குமா, அதற்கும் ஒரு பயிற்சி! திருநாளன்று தாயும் மகளும் எல்லோரையும் போல் நடந்தே கோயிலுக்குள் போனார்கள்.

பயிற்சி ஆட்டம் கண்டிக்கு மேலே ஒரு பாடசாலையின் சீமெந்துத் தரையில். காலையில் பெய்த மழையைச் சாக்கால் துடைத்து உலர்த்தியிருந்தார்கள். மஸீனா டீச்சர்தான் கோச், அவரேதான் விசிலும். ஷாமலா எதிர்ப்பக்கம். அம்மாவும் வந்திருந்தாள். மகள் விளையாடுவதைப் பார்க்க நான்கு வருடத்தில் ஒருநாள்கூட வராதவள், இன்றைக்குப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைக் கோட்டோரம் இழுத்துப் போட்டு, செபமாலையை எடுத்து, அஞ்சலா பிப்பை மாட்டிய நிமிடத்திலேயே இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள்.

முதல் பந்து வந்தது. பிடித்தாள், இடது காலில் இறங்கினாள், இறங்கிய கால் தானாகத் துள்ளியது. விசில்.

"ஸ்டெப்பிங்! பந்து அந்தப் பக்கம்."

இரண்டாவது பந்திலும் அதே கதை. பத்து நாள் பழகியதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மூன்றாவதில் மஸீனா டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "என்ன புள்ள, தரை சுடுதா? எறங்கின எடத்துல நில்லு!" நான்காவது தரம் அவர் விசில் ஊதவும் அலுத்துப் போய்க் கையை மட்டும் காட்டினார். பக்கத்தில் இருந்த புதுப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பதை அஞ்சலா கண்டாள். அந்தப் பெண் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டத் தொடங்கினாள். அவளுடைய பதினைந்து நிமிடத்தில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.

அஞ்சலாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. விசில் மேல், கால் மேல், சப்பாத்துக் கட்டுகிற அந்தப் பெண் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, கடுகண்ணாவையில் இருந்து பஸ் ஏறி வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அம்மாவின் மேல். கண்ணை மூடுவதென்றால் வீட்டிலேயே மூடியிருக்கலாமே! இங்கே வந்து எதற்கு?

பந்து உயரத்தில் வந்தது. அன்றைக்கு வந்த மாதிரியே, இடது பக்கம், கொஞ்சம் எட்டாத இடத்தில். ஆத்திரத்தோடேயே பாய்ந்தாள். பந்து கைக்கு வந்தது. இடது கால் தரையைத் தொட்டது. இடுப்பு இறங்கியது, முழங்கால் விரலுக்கு நேராக மடிந்து, நின்றது.

நின்றது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. கால் எங்கும் போகவில்லை. அவள் ஒற்றைக் காலில், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க! அஞ்சலா, இங்க!" என்று அவளுடைய அணியே கத்தியது. பந்தை மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக் கூடாது. அவளுக்குப் பந்து நினைவில் இல்லை. கோட்டோரம் பார்த்தாள். அம்மாவின் உதடு முணுமுணுக்கிறது, கண் மூடியே இருக்கிறது.

"அம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "கண்ணத் தொறங்கம்மா!"

விசில் நீளமாக ஊதியது.

மகளின் அலறலும் விசிலும் ஒன்றாகக் காதில் விழுந்தால் எந்தத் தாய் கதிரையில் இருப்பாள்? பிளாஸ்டிக் கதிரை பின்னால் கவிழ்ந்தது. பெற்றீசியா ஒரு செருப்போடு, மஸீனா டீச்சர் "கோர்ட்டுக்குள்ள வரப்படாது, வரப்படாது" என்று கத்தக் கத்த, நடுக் கோர்ட்டுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"எங்கடி? எங்க விழுந்தே?"

"விழலம்மா. நிக்கிறேன். பாருங்க, நிக்கிறேன்."

அம்மா பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், குனிந்து முழங்காலைப் பார்த்தாள், அது நேராக இருக்கிறதா என்று கையால் ஒருமுறை தடவியும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மகளின் தோளில் படாரென்று ஒரு அடி போட்டாள்.

"நிக்கிறவ எதுக்குடி அப்பிடிக் கத்துனே?" என்றாள், அழுதுகொண்டே.